எதிர்பார்ப்பைக் குறைக்கும் அறை

சொம்யோன் சுரங்க ரயில் நிலையத்துக்கு எதிரே எட்டாவது மாடியில் இருக்கும் டாக்டர் யோமின் அழகியல் மருத்துவமனையில் புதிய துறை ஒன்று தொடங்கப்பட்டது. அதற்குக் காரணம், ஊசியால் மை குத்திப் போட்ட ஒரு ஜோடிப் புருவம்.

புருவத்தில் குறை எதுவும் இல்லை. இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறம். குளித்தாலும் போகாது, அழுதாலும் கலையாது. அவற்றின் சொந்தக்காரியான பியானோ ஆசிரியையும் அதை ஒப்புக்கொண்டார். ஆனால் புருவம் ஆறி இரண்டு மாதமாகியும், உல்சானுக்குப் போன கணவர் திரும்பி வரவில்லை. அதனால் அவர் வரவேற்பு மேசைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, நாள் முழுக்க எழுந்திருக்கவில்லை. கணவர் வருவார் என்று இங்கே யார் சொன்னது என்று டாக்டர் கேட்டார். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் நினைத்துக்கொண்டேன் என்றார் ஆசிரியை. டாக்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. யாராவது சொல்லியிருந்தால் சொன்னவரை வேலையை விட்டு அனுப்பிவிடலாம். தானாக நினைத்துக்கொள்கிறவர்களை என்ன செய்வது?

அந்தப் புருவத்தைப் போட்டவள் மிரான். நாற்பதைத் தாண்டியவள். கணவன் கொஜே தீவில் கப்பல் கட்டும் தளத்தில் வேலை, வாரக்கடைசியில் வருவான். ஒரே மகள் பள்ளியில் படிக்கிறாள். சட்டப்படி முகத்தில் ஊசி குத்தும் கை டாக்டருடையதாக இருக்க வேண்டும். டாக்டர் யோமுக்கு அந்த ஊசியைப் பிடிக்கத் தெரியாது. அவர் முன்பு மூட்டுவலிக்கு வைத்தியம் பார்த்தவர். அதனால் தினமும் காலையில் மிரானின் அறை வாசலில் வந்து நின்று, அவளைக் காட்டி, "என் கை" என்று சொல்லிவிட்டுப் போவார். அதன் பிறகு அன்று மாலை வரை அவள் கை அவருடைய கை. அவர் தன் அறையில் பேஸ்பால் பார்ப்பார்.

துறையின் பெயர் எதிர்பார்ப்பு நிர்வாகத் துறை. திறப்பு விழாவில் அரிசிக் கேக் வெட்டினார்கள். டாக்டர் பேசினார்.

"கிடைக்காம போனது நம்ம தப்பு இல்ல. கிடைக்கும்னு நினைச்சது அவங்க தப்பு. ஆனா அவங்க தப்பையும் நாம பொறுப்பெடுத்துச் சரி பண்ணப் போறோம். அதனாலதான் இதைக் கடைன்னு சொல்லாம மருத்துவமனைன்னு சொல்றோம்."

எல்லோரும் கைதட்டினார்கள். மிரானும் தட்டினாள்.

துறைக்கு மேலாளராகச் சியோலில் இருந்து கூ என்பவர் வந்தார். முன்பு இன்னும் கட்டாத அடுக்குமாடி வீடுகளை விற்றுக்கொண்டிருந்தவர். கட்டாத பால்கனியிலிருந்து கடல் தெரிவதாகப் படம் காட்டி நானூறு வீடுகள் விற்றாராம். பிறகு கடலை மறைத்து இன்னொரு கட்டடம் எழும்பியபோது, கடல் தெரியாத பால்கனியில் நிம்மதியாக இருப்பது எப்படி என்று வீடு வாங்கியவர்களுக்கு வகுப்பு எடுத்ததும் அவர்தானாம். இரண்டையும் அவர் ஒரே பெருமிதத்தோடு சொன்னார்.

கூ ஒரு கருவி கொண்டுவந்தார். விரலில் மாட்டுகிற கிளிப். மருந்துக்கடையில் கிடைக்கிற நாடி பார்க்கும் கிளிப்தான், மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதை மாட்டிக்கொண்டு வாடிக்கையாளர் சில கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். நாடியையும் பதிலையும் சேர்த்துக் கணினி ஓர் எண்ணைச் சொல்லும். பூஜ்யத்திலிருந்து பத்து வரை. அதுதான் அந்த வாடிக்கையாளரின் எதிர்பார்ப்பு. மூன்றுக்கு மேல் இருந்தால் ஊசி தொடக்கூடாது.

மூன்றுக்குக் கொண்டுவர ஓர் அறை ஒதுக்கினார்கள். சாம்பல் நிறச் சுவர். முகத்தின் ஒவ்வொரு துளையையும் காட்டும் வெளிச்சத்தில் ஒரு கண்ணாடி. பல ஊர்களில் கெட்டுப்போன புருவங்களின் படங்கள் திரையில் ஓடும்: செம்பட்டை ஆனவை, ஊதா ஆனவை, ஒன்று நெற்றிக்குப் போய்விட்டவை. பின்னணியில் ஒரு பெண் குரல், "உங்கள் முகம் உங்கள் முகமாகவே இருக்கும்" என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே இருக்கும். வாடிக்கையாளர்கள் ஒன்றரைக்கும் இரண்டுக்கும் இறங்கி வந்தார்கள். இறங்கியவர்கள் அப்படியே லிஃப்டிலும் இறங்கி வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

முதல் மாதம் மருத்துவமனை வெறிச்சோடியது. கூ அசரவில்லை. எதிரே இன்னோர் அறையைக் காலி செய்து இளஞ்சிவப்பு அடித்தார். அது எதிர்பார்ப்பை உயர்த்தும் அறை. மெத்தை நாற்காலி, பழச்சாறு, முகத்தில் புருவத்தைப் பொருத்திக் காட்டும் திரை. இரண்டு அறைகளுக்கும் நடுவில், நடைபாதையில், பணம் கட்டும் மேசையைப் போட்டார். முதலில் இளஞ்சிவப்பு அறை. பிறகு மேசை. பிறகு சாம்பல் அறை. கடைசியில் மிரான். இந்த வரிசை மாறக்கூடாது என்று தரையில் அம்புக்குறி ஒட்டினார்கள். ஒரு பெண் கழிப்பறை தேடிப் போய் வரிசை மாறி, இளஞ்சிவப்பு அறைக்குள் இரண்டாவது முறை நுழைந்துவிட்டாள். அவளை மறுபடி மேசைக்கு அழைத்துப்போய்ப் பணம் கட்டவைத்து, மறுபடி இறக்கினார்கள்.

மிரானுக்கும் விதிமுறைகள் வந்தன. வேலையின்போது "அழகு" என்று சொல்லக்கூடாது. "நல்லா வரும்" என்று சொல்லக்கூடாது. வாடிக்கையாளர் எப்படி வந்திருக்கிறது என்று கேட்டால், "இருக்கிறது" என்று சொல்ல வேண்டும். மிரான் ஒரு நாள் மறந்துபோய், புருவம் போட வந்த ஒரு நர்ஸ் பெண்ணிடம், இந்த நிறம் உங்களுக்குப் பொருந்துகிறது என்று சொல்லிவிட்டாள். அவளைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பயிற்சி என்பது சாம்பல் அறையில் மதியம் முழுக்க உட்கார்ந்திருப்பது. போகப்போக அது அவளுக்குச் சிரமமாகத் தெரியவில்லை. அங்கே வேலை இல்லை, காற்றோட்டம் நன்றாக இருந்தது.

சூசொக் அறுவடைப் பண்டிகைக்கு மருத்துவமனை வழக்கமாக டின் இறைச்சிப் பெட்டி கொடுக்கும். அந்த வருடம் பண்டிகைக்கு முந்தைய வாரம் பணியாளர்கள் எல்லோரையும் கூட்டமாகச் சாம்பல் அறைக்குள் அழைத்துப்போனார் கூ. பல இடங்களில் பண்டிகைக்கு ஒன்றுமே கொடுப்பதில்லை என்றார். சில இடங்களில் பண்டிகைக்குப் பிறகு வேலையே இருப்பதில்லை என்றார். வெளியே வந்தபோது ஆளுக்கொரு பற்பசைப் பெட்டி கொடுத்தார்கள். எல்லோரும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். வரவேற்பில் இருந்த பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. மிரானும் நன்றி சொன்னாள். வீட்டுக்கு வந்து பெட்டியை வைத்தபோது மகள், இவ்வளவுதானா அம்மா என்று கேட்டாள். மிரானுக்குக் கேள்வி புரியவில்லை.

அந்த இலையுதிர் காலத்தில் வீட்டிலும் அவள் அப்படியே ஆகிவிட்டாள். மகள் கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கி வந்தால், இருக்கிறது என்பாள். கணவன் சனிக்கிழமை வராமல் ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஏன் என்று கேட்க மாட்டாள். முதலில் அவன் சந்தோஷப்பட்டான். பிறகு அவன் சூப்புச் சோற்றைச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்க்க ஆரம்பித்தான். உடம்புக்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான். இல்லை என்றாள். அது உண்மைதான். உடம்பில் ஒன்றும் இல்லை. ஊசி போடும் முன் புருவம் மரத்துப்போகத் தடவுகிற மரப்பு கிரீமை யாரோ அவளுக்கு உள்பக்கமாகத் தடவிவிட்ட மாதிரி இருந்தது. அவ்வளவுதான்.

இப்படி இருக்கும்போதுதான் மால்சூன் வந்தாள்.

ஜகால்ச்சி சந்தையில் வாளை மீனும் கானாங்கெளுத்தியும் விற்கிறவள். அறுபது வயதைக் கடந்தவள். அந்தப் பக்கங்களில் வரிசையாகப் பெண் பிறந்த வீட்டில், இதுவே கடைசியாக இருக்கட்டும், அடுத்தது பையன் வரட்டும் என்று வைக்கிற பெயர் மால்சூன். அவளுக்குப் பிறகும் இரண்டு பெண்கள் பிறந்தார்கள்.

இளவயதில், சந்தைக் கிடங்கின் பின்புறம், ஊர் ஊராகப் போகும் ஒருத்தியிடம் புருவம் குத்திக்கொண்டிருந்தாள். கறுப்பாகக் குத்தியது நாளாக ஆகப் பச்சையாகிவிட்டது. ஒன்று மேலே, ஒன்று கீழே. அதனால் அவள் சும்மா இருந்தாலும் யாரையோ அதட்டிக்கொண்டிருப்பது போலவே தெரியும். முப்பது வருடமாக அவளிடம் யாரும் மீன் விலையில் பேரம் பேசியதில்லை. இப்போது மகளுக்குக் கல்யாணம் கூடிவந்திருந்தது. இரண்டு குடும்பமும் உணவகத்தில் சந்திக்கும் நாள் நெருங்கியது. மகள்தான் அம்மாவை இங்கே போகச் சொன்னாள்.

கூ அவள் விரலில் கிளிப்பை மாட்டினார்.

"எவ்வளவு வயசு குறைஞ்ச மாதிரி தெரியணும்னு ஆசைப்படறீங்க?"

"எதுக்கு? மீனுக்கு என் வயசு தெரியவா போகுது?"

"கண்ணாடியில உங்களைப் பார்க்கும்போது என்ன தோணணும்?"

"எங்க கடையில கண்ணாடி இல்லையே."

"புதுப் புருவத்தால உங்க வாழ்க்கையில என்ன மாறும்னு நினைக்கறீங்க?"

"புருவம் மாறும்," என்றாள்.

கணினி பூஜ்யம் காட்டியது. கூ கிளிப்பைத் துடைத்து மறுபடி மாட்டினார். மறுபடியும் பூஜ்யம்.

வேறு யாராக இருந்தாலும், மூன்றுக்குக் கீழேதானே இருக்கிறது, ஊசியைப் போட்டு அனுப்பிவிடலாம் என்றுதான் நினைப்பார்கள். ஆனால் துறைக்கு ஒரு கணக்கு இருந்தது. கிடைத்ததை எதிர்பார்ப்பால் வகுத்தால் திருப்தி. பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்று கணினி நின்றுவிட்டது. அது நின்றால் அந்த மாத வரைபடமே வராது. டாக்டர் யோம் அடுத்த வாரம் சியோலில் ஒரு மாநாட்டில் அந்த வரைபடத்தைக் காட்டிப் பேசப் போகிறார். அவரை அறையிலிருந்து வரவழைத்தார்கள். ஆட்டத்தின் நடுவில் வந்த எரிச்சலோடு அவர் மால்சூனைத் தூரத்தில் நின்று பார்த்தார். எதையும் எதிர்பார்க்காதவர்களுக்கு நாம் எதையும் கொடுக்க முடியாது, அது மருத்துவ நெறிக்கு விரோதம் என்றார். எப்படியாவது அந்த அம்மாவுக்குள் ஓர் எதிர்பார்ப்பை உண்டாக்குங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

அப்புறம் மால்சூனை மூன்று முறை வரவழைத்தார்கள். ஒவ்வொரு முறையும் இளஞ்சிவப்பு அறை, பழச்சாறு. முதல் தடவை அவள் மெத்தை நாற்காலியில் தூங்கிவிட்டாள். விடிவதற்கு முன்பே ஏலத்துக்கு எழுந்தவள். இரண்டாவது தடவை, தனக்காக இத்தனை பேர் சிரமப்படுகிறார்களே என்று ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தாள். இளஞ்சிவப்பு அறை கருவாட்டு வாசம் அடித்தது. கிளிப் மட்டும் அசையவில்லை.

மூன்றாவது முறை கூ திரையில் அவள் படத்தைப் போட்டார். கணினி பச்சையை அழித்தது, புருவத்தைச் சமன் செய்தது. கேட்காமலே கன்னத்தைத் தூக்கி, கழுத்துச் சுருக்கத்தை எடுத்து, தலைமுடியையும் அடர்த்தியாக்கியது.

"யாரு இது?" என்று கேட்டாள் மால்சூன்.

"நீங்கதாம்மா."

அவள் பழச்சாறைக் கீழே வைத்தாள். திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். சம்பந்திகளைச் சந்திக்கும் அன்று உணவகத்தில் இந்தப் பெண்மணி என்ன செய்வாள் என்று கூ மெல்லக் கேட்டார்.

"பேசுவா," என்றாள் மால்சூன். "இந்த மாதிரி இடத்துக்குப் போனா நான் வாயைத் திறக்க மாட்டேன். கையில மீன் வாசம் போகாது, அதனால கையையும் மேசை மேல வைக்க மாட்டேன். இவ வைப்பா. இவ பேசினா எல்லாரும் சாப்பிடறதை நிறுத்திட்டுக் கேப்பாங்க."

கிளிப் நான்கைத் தாண்டியது. ஆறு. எட்டு. ஒன்பதில் போய் நின்றது. அறைக்கு வெளியே பணியாளர்கள் கைதட்டினார்கள். பணம் கட்டும் மேசையில் இருந்த பெண் எழுந்து நின்று வணங்கினாள்.

பிறகு விதிப்படி மால்சூனைச் சாம்பல் அறைக்கு அழைத்துப் போனார்கள்.

மரப்பு கிரீம் கிண்ணத்தோடு மிரான் நடைபாதையில் காத்திருந்தாள். கதவு பாதி திறந்திருந்தது. செம்பட்டைப் புருவங்களும் ஊதாப் புருவங்களும் ஓடிக்கொண்டிருந்தன. கூ பொறுமையாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"திரையில பார்த்தீங்களே, அந்தப் பொண்ணு நீங்க இல்லம்மா."

"நீங்கதானே தம்பி நான்னு சொன்னீங்க?"

"அது அந்த அறையில."

மால்சூன் எதிர்க் கதவைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே வேறு யாரோ ஒரு பெண் பழச்சாறு குடித்துக்கொண்டிருந்தாள். மால்சூன் தன் கைகளை எடுத்து மடியில், பைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

அதைப் பார்த்ததும் கோபம் வந்தது என்று மிரான் பிற்பாடும் யாரிடமும் சொல்லவில்லை. கோபம் வரவில்லை. கிரீம் காய்ந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான் என்றாள். உள்ளே போனாள்.

"அம்மா, கிரீம் தடவணும். வாங்க."

"இன்னும் ஏழுல இருக்காங்க மிரான்," என்றார் கூ.

"இருக்கட்டும்."

படுக்கையில் சாய்த்து, கிரீம் தடவி, மரத்துப்போகும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கண்ணை மூடிக்கொண்டே மால்சூன் கேட்டாள்.

"ஏம்மா, அந்தப் பொண்ணு மாதிரி வருமா?"

"வராதும்மா. மேல இருக்கற புருவத்தைக் கீழ இறக்க முடியாது. பச்சையைப் போக்கிடலாம். கீழ இருக்கறதைக் கொஞ்சம் மேல ஏத்தலாம். நாலஞ்சு நாள் ரொம்பக் கறுப்பாத் தெரியும், பயந்துடாதீங்க. அப்புறம் உரிஞ்சு ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும், அப்பவும் பயப்படக் கூடாது. ஒரு மாசத்துல நிறம் வந்து நிக்கும்."

"அதட்டற மாதிரி இருக்காதே?"

"இருக்காது."

"நல்லா வருமா?"

மிரான் ஊசியைப் பொருத்தினாள். மேலே கூரையில் சின்னதாக ஒலிவாங்கியும் கேமராவும் இருந்தன. "நல்லா வரும்மா," என்றாள்.

மறுநாள் காலை கூ அவளை அழைத்தார். அவர் கோபமாக இல்லை. நீங்கள் அந்த அம்மாவிடம் பொய் எதுவும் சொல்லவில்லை, அதுதான் சிக்கல் என்று ஆரம்பித்தார்.

"என்ன வரும், என்ன வராதுன்னு ஒரே நிமிஷத்துல சொல்லிட்டீங்க. அவங்களும் கேட்டுக்கிட்டாங்க. இப்படி ஆளாளுக்கு உள்ளதைச் சொல்ல ஆரம்பிச்சா, ரெண்டு அறை எதுக்கு, கருவி எதுக்கு, நான் எதுக்கு? ஒரு துறையோட மனசையும் நீங்க யோசிச்சுப் பார்க்கணும்."

டாக்டர் யோம் வழக்கம்போல அவள் அறை வாசலுக்கு வந்தார். அவளைப் பார்த்து, "இனி என் கை இல்லை" என்றார். பணிநீக்கம் அத்துடன் முடிந்தது. மிரான் தன் மேலங்கியை மடித்து வைத்துவிட்டு அம்புக்குறிகளுக்கு எதிர்த்திசையில் நடந்து லிஃப்டுக்குப் போனாள். சியோல் மாநாட்டில் டாக்டரின் வரைபடம் பெரிய வரவேற்பைப் பெற்றது. பூஜ்யத்திலிருந்து ஒன்பதுக்கு ஒரு வாடிக்கையாளரை உயர்த்தியது நாட்டிலேயே முதல் முறை என்று கேடயம் கொடுத்தார்கள். அந்த வாடிக்கையாளரின் புருவம் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அது வேறு துறை.

மிரான் சந்தைக்குப் பின்னால் ஒரு குளிர்நூடுல்ஸ் கடையின் மாடியில் சின்ன அறை பிடித்தாள். பெயர்ப்பலகை வைக்க முடியாது, சட்டம் இடம் கொடுக்காது. தெரிந்தவர்கள் தெரிந்தவர்களை அனுப்பினார்கள். ஒரு படுக்கை, ஒரு விளக்கு, ஒரு கைக்கண்ணாடி. யாராவது வந்தால் வேலை. வராவிட்டால் ஜன்னல் வழியாகக் கீழே கிண்ணம் கழுவுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

குளிர் தொடங்கியபோது ஒரு மத்தியானம் மால்சூன் படியேறி வந்தாள். மருத்துவமனையில் கேட்டால் சொல்ல மாட்டார்கள் என்று சந்தை முழுக்க விசாரித்துக் கண்டுபிடித்திருந்தாள். மிரான் அவளை ஜன்னல் பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். பச்சை போயிருந்தது. அளவான, சாதாரணப் புருவம். இடது பக்கம் நுனியில் மட்டும் மை கொஞ்சம் விட்டுப்போயிருந்தது. அதைத் தொட்டுச் சரிசெய்தால் போதும்.

சந்திப்பு எப்படி நடந்தது என்று மிரான் கேட்டாள். கேட்டுவிட்டோமே என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மால்சூன் நிதானமாகச் சொன்னாள். தனியறை போட்டிருந்தார்கள். கையை மேசை மேல் வைத்தாளாம். பேசவும் பேசினாளாம். என்ன பேசுவது என்று தெரியாததால் வாளை மீன் ஏலத்தைப் பற்றிப் பேசினாள். சம்பந்தியம்மா தலையாட்டிக்கொண்டே மீனை முள் நீக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அப்பா போனைப் பார்த்தார். மகள் மேசைக்கு அடியில் காலை மிதித்தாள். திரும்பும்போது டாக்சிக்குக் காத்திருக்கையில், ஏம்மா களைப்பா இருக்கியா, முகம் என்னவோ மாதிரி இருக்கே என்று மகள் கேட்டாள். அவள் முகத்தைப் பற்றி யாராவது சொன்னது அது ஒன்றுதான். இப்போது கடையில் எல்லோரும் பேரம் வேறு பேசுகிறார்களாம்.

கீழே யாரோ கிண்ணங்களை அடுக்கும் சத்தம் கேட்டது. மிரான் கையுறையை எடுத்து மாட்டாமல் வைத்திருந்தாள்.

"ஏமாத்தமா இருக்காம்மா?"

மால்சூன் யோசித்தாள். இதுவரை அவளிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை போலிருந்தது.

"ஆமா," என்றாள். "ரொம்ப."

சொல்லிவிட்டுக் கைக்கண்ணாடியை எடுத்தாள். வாயைக் குவித்துப் பார்த்தாள், விரித்துப் பார்த்தாள்.

"அந்தச் சம்பந்தியம்மா உதட்டுக்கும் நிறம் குத்திப் போட்டிருந்தா. நீ உதட்டுக்குப் போடுவியாமே?"

மிரானுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. தோள் குலுங்கியது. மால்சூன் முதலில் முறைத்தாள். புதுப் புருவத்தில் அந்த முறைப்புக்குப் பழைய வலு இல்லை. மிரான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கை கழுவ எழுந்தாள்.